சுந்தரானந்தரின் நாற்காலி

திருத்தணியில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் சமையல் மேடை கடப்பைக்கல்தான். அலமாரித் தட்டு, துவைக்கிற கல், வாசற்படி, மளிகைக்கடைத் திண்ணை எல்லாம் அதே கருப்பு. கல் வெட்டுகிற ஊரும் தூரமில்லை. இதே ரயில் பாதையில் ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா தாண்டி வடக்கே போனால் கடப்பை. கிரானைட்டும் டைல்ஸும் வந்தபிறகு இந்தக் கல்லுக்கு மரியாதை போய்விட்டது. புதுவீடு கட்டுகிறவரிடம் மேஸ்திரி கேட்டால், "கடப்பாவா? பரணுக்கு வேணும்னா போட்டுக்கோங்க" என்று பதில் வரும்.

அந்தக் கல்லை வழவழவென்று மெருகேற்றித் தரை முழுக்கப் பாவிய கட்டடம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதியான அதன் பெயர் கோல்கொண்ட். கட்டி எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் கருப்புத் தரைமேல் போடுவதற்கென்று தேக்கில் கட்டில், மேசை, நாற்காலி என வடிவமைத்தவர் ஓர் அமெரிக்கர். உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க வீடுகளின் தோற்றத்தையே மாற்றிய வடிவமைப்பாளர் வரிசையில் அவர் பெயர் இன்று அழுத்தமாக நிற்கிறது. அந்த வரிசையில் மற்றவர்களுடைய தொடக்கம் டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் என்று இருக்கும். ஜார்ஜ் நகாஷிமாவின் தொடக்கம் புதுச்சேரியில்.

1905-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். சிறுவயதில் காடு சுற்றியவர். கல்லூரியில் முதலில் வனவியல் படித்து, பிறகு கட்டடக்கலைக்கு மாறி, எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் அப்போது பெருமந்தம். உலகத்தைச் சுற்றிவரக் கப்பல் சீட்டு ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாரிஸில் கொஞ்சகாலம் இருந்தார், வட ஆப்பிரிக்காவைப் பார்த்தார். 1934 வாக்கில் டோக்கியோ போய் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ரேமண்டும் லேசான ஆளில்லை. பொஹீமியாவில் பிறந்து அமெரிக்கர் ஆனவர். ஃபிராங்க் லாயிட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டியபோது அவருக்கு உதவியாக 1919-ல் ஜப்பான் வந்து, பிறகு ரைட்டை விட்டுப் பிரிந்து அங்கேயே தனியாகத் தொழில் நடத்தியவர். பூசாத வெறும் கான்கிரீட்டின் அழகை முதலில் கண்டுகொண்ட சிலரில் ஒருவர்.

புதுச்சேரிக்கும் டோக்கியோவுக்கும் நூல் எங்கே கோத்தது என்றால், ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட ஃபிலிப் பார்பியே சேந்திலேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளரிடம். அவர் ஆசிரமம் வருமுன் ஜப்பானில் இருந்தவர், ரேமண்டை அறிந்தவர். அடியார்கள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்று 1930களின் நடுவில் ஆசிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னை நினைத்தபோது கடிதம் டோக்கியோவுக்குப் போனது. ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாமின் பணம் வந்தது. கோல்கொண்டாவின் வைரச் சுரங்கத்தை நினைத்து வைத்த பெயர்தான் கோல்கொண்ட். அன்றைக்குக் கடப்பையும் நம் திருத்தணியும் சென்னை மாகாணம், புதுச்சேரி பிரெஞ்சு மண், ஐதராபாத் நிஜாமுடையது. ஒரு விடுதி எழும்ப மூன்று ஆட்சிகளின் சரக்கும் பணமும் சேர வேண்டியிருந்தது.

களத்தில் இருந்து வேலையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது, நான் போகிறேன் என்று நகாஷிமா முன்வந்தார். 1937-ல் புதுச்சேரி வந்தார். அடுத்த ஆண்டு ரேமண்ட், மனைவி நோயமியுடன் வந்து சில மாதம் தங்கினார். கூடவே ஃபிரான்டிசெக் சாமர் என்ற செக் நாட்டுக் கட்டடக்கலைஞரும் வந்தார். இவர் லெ கொர்புசியேவிடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்கோ வழியாக டோக்கியோ சேர்ந்தவர். ஒரு செக்காரர், செக் மண்ணில் பிறந்த ஓர் அமெரிக்கர், ஜப்பானிய ரத்தம் ஓடும் இன்னோர் அமெரிக்கர். மூவரும் வேட்டி கட்டிய வங்காளிகளோடும் குஜராத்திகளோடும் தமிழர்களோடும் புதுச்சேரி வெயிலில் சிமெண்ட் குழைத்தார்கள்.

சில மாதத்தில் முடித்துவிடலாம் என்பது ரேமண்டின் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. ஆசிரமத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகள் அல்லர், அடியார்கள். கூலி கிடையாது, ஒப்பந்ததாரர் கிடையாது, அவசரமும் கிடையாது. ஓர் அறையை முதலில் முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் குடியேற 1942 வாக்கில் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் சில்லறை வேலை ஓடிக்கொண்டிருந்தது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் நாள்கூலி எண்ணிக் கொடுத்து வீடு கட்டியவர்களுக்கு, ஐந்து ஆண்டு என்பது நினைக்கவே வயிற்றைக் கலக்கும். நகாஷிமாவுக்கு அது பள்ளிக்கூடமாக அமைந்தது.

கட்டடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வெயில் காலத்தில் வானிலை அறிக்கையில் நம் ஊர்ப்பெயர் தவறாமல் அடிபடும். 40 டிகிரி இங்கே சர்வசாதாரணம். அதனால் கோல்கொண்டின் முகப்பைப் பற்றித் திருத்தணிக்காரனுக்குத் தனி அக்கறை உண்டு. தெற்கு முகத்திலும் வடக்கு முகத்திலும் வழக்கமான சன்னல்களே கிடையாது. தரையிலிருந்து கூரைவரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆன கிடைமட்டப் பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பித்தளைப் பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை மொத்தமும் சாயும். காற்று வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா, மழைச்சாரலைத் தடுக்க வேண்டுமா, அவரவர் அறையில் அவரவர் திருப்பிக்கொள்ளலாம். அறைக்குப் பின்னால் நடைகூடம். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தேக்கு நகர்கதவு. அதன் சட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாகப் பொருத்தப்பட்டிருக்கும். காற்று நுழையும், பார்வை நுழையாது. தென்புறத் தோட்டத்தில் ஏறும் சூடும் வடபுற நிழலின் குளிர்ச்சியும் சேர்ந்து காற்றைக் கட்டடத்துக்குள் இழுக்கும். மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை முன்கூட்டியே வார்த்து, கூரைத் தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரட்டைக் கூரையாக அடுக்கியிருக்கிறார்கள். வெயில் மேல் ஓட்டோடு நின்றுவிடும், நடுவிலுள்ள காற்று சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். உள்சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. தரைக்கு நம் கடப்பைக்கல்.

இதற்கெல்லாம் கீல், தாழ்ப்பாள், பிடி என்று ஏராளமான பித்தளை உறுப்புகள் தேவைப்பட்டன. கடையில் கிடைத்த அளவுகள் ஒத்துவரவில்லை. ஆசிரமத்தில் பழசாகிப்போன பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் கீலாக மாறிய களத்தில் நின்று பார்த்தவர்தான் பின்னாளில் மரம் அறுக்கும் கூடத்தில் கழித்துப் போட்டதை எடுத்து மேசை செய்தார்.

அறைகளில் போட வேண்டிய சாமான்களும் அந்தக் களத்திலேயே உருவாயின. தேக்குக் கட்டில், எழுதும் மேசை, முக்காலி, நாற்காலி. செட்டிநாட்டுக் கடைசலும் கிடையாது, பிரெஞ்சு வளைவும் கிடையாது. மரம் எந்த அளவுக்கு வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும். நகாஷிமா மரச்சாமான் வடிவமைக்கத் தொடங்கியது இங்கேதான். அதுவரை அவர் கட்டடக்கலைஞர் மட்டுமே. நாளடைவில் சம்பளத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். கொடுப்பதைவிட இங்கே பெறுவது அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்ற பொருத்தமான பெயர்தான்.

1939-ல் உலகப்போரின் வாசனை புதுச்சேரிக்கும் வந்தது. நகாஷிமா ஆசிரமத்தை விட்டு ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். மரியன் ஒகாஜிமாவை மணந்து சியாட்டிலில் ஒரு கிறித்தவ அமைப்பு தந்த இடத்தில் சிறிய தச்சுப்பட்டறை போட்டார். மகள் பிறந்தாள். பெயர் மீரா. ஸ்ரீ அன்னையின் இயற்பெயர் மீரா அல்ஃபாஸா என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

அதற்குள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, அங்கேயே பிறந்த குடிமக்கள் என்றும் பாராமல், அரசு கூட்டமாக அள்ளி முகாம்களில் அடைத்தது. 1942-ல் கைக்குழந்தையோடு நகாஷிமா குடும்பம் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனது. தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகள், பாலைப் புழுதி. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானிய மரபுத் தச்சர் ஒருவர் அடைபட்டிருந்தார். எம்.ஐ.டி. பட்டதாரி அவருக்குக் கீழே எடுபிடியாகச் சேர்ந்தார். இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், உளியைத் தீட்டும் முறை, ஆணியில்லாப் பொருத்துகள் எல்லாம் அங்கே கற்றது. மரம்? முகாம் கட்டியதில் மிஞ்சிய துண்டும் பாலையில் முளைத்த புதர்க்கட்டையும்தான். புதுச்சேரியில் பாத்திரத்தை உருக்கினார்கள், இங்கே துண்டுக்கட்டையைச் சேர்த்தார்கள்.

அவரை வெளியே எடுத்தது ரேமண்ட். 1943-ல் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் தன் பண்ணைக்கு வேலை என்று உத்தரவாதம் கொடுத்து விடுவித்தார். பண்ணையில் கோழி வளர்க்கும் வேலை. இதே ரேமண்ட் இதே 1943-ல் செய்த இன்னொரு காரியத்தையும் மறைக்கக் கூடாது. தீக்குண்டுகள் எப்படிப் பற்றுகின்றன என்று சோதிப்பதற்காக யூட்டா பாலைவனத்தின் டக்வே தளத்தில் ஜப்பானியக் குடியிருப்பின் மாதிரி ஒன்று ராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. பாய், மரச்சட்டம் உட்பட அச்சுஅசல். வரைந்து கொடுத்தவர் ஜப்பானில் இருபது ஆண்டுக்கு அருகில் வாழ்ந்த ரேமண்ட். ஒரு கையால் ஒரு ஜப்பானிய வம்சாவளித் தச்சனைக் காப்பாற்றி, மறு கையால் ஜப்பானிய வீட்டை எரிக்க வரைபடம் தந்தவரை என்னவென்று சொல்வது? எனக்கு அவர் கட்டடங்கள் பிடிக்கும், அந்த மனிதரை நினைத்தால் இன்றும் நெருடும்.

போர் முடிந்தது. படைவீரர்கள் வீடு திரும்பினார்கள், புறநகர்களில் லட்சக்கணக்கில் வீடு எழும்பியது. பாட்டன் காலத்துக் கனத்த அலமாரி அந்தச் சிறு வீடுகளில் நுழையாது. புதிய சாமான் வேண்டும், மலிவாக வேண்டும், துடைக்க எளிதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அமெரிக்க நவீன வடிவமைப்பு வேர்பிடித்தது. சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் போரின்போது கடற்படைக்காக ஒட்டுப்பலகையை வளைத்துக் கால்கட்டை செய்தவர்கள். அதே நுட்பத்தில் நாற்காலி செய்தார்கள். 1950-ல் விமானத் தொழிலிலிருந்து வந்த ஃபைபர் கிளாஸில் ஒரே கிண்ணமாக இருக்கை வார்த்தார்கள். ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்றது. போட்டிக்கு நோல் நிறுவனம். எல்லாம் ஆலை, அச்சு, ஆயிரக்கணக்கில் உற்பத்தி.

நோல் நிறுவனத்தின் அதே விலைப்பட்டியலில் 1946 வாக்கில் நகாஷிமாவின் நாற்காலியும் இடம்பிடித்தது. இங்கிலாந்து கிராமத்து வின்ட்சர் நாற்காலியின் வழியில் வந்தது அது. முதுகுக்கு மெல்லிய மரக்குச்சிகள், நேரான கால்கள், எடை குறைவு. இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: நீங்கள் ஆலையில் செய்யுங்கள், என் பட்டறையில் கையால் செய்து விற்கும் உரிமையும் எனக்கு வேண்டும். இதில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து பிரிகிறார். ஈம்ஸ் தம்பதிக்கு நாற்காலி என்பது பலருக்கும் கிடைக்க வேண்டிய பண்டம். நகாஷிமாவுக்கு அது ஒரு மரத்துக்குக் கொடுக்கும் இரண்டாம் பிறவி. எது பெரிது என்று என்னைக் கேட்டால், ஊருக்கு ஈம்ஸ் வேண்டும், ஊரில் ஓரிருவராவது நகாஷிமாவாக இருக்க வேண்டும்.

அவருடைய முத்திரையாக உலகம் அறிந்தது, விளிம்பு சீவாத மேசை. மரம் வளர்ந்தபோது இருந்த நெளிவு, முடிச்சு, வெடிப்பு எதையும் நீக்காமல் பலகையை அப்படியே போடுவது. வெடிப்பு மேலும் ஓடாதபடி நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் வன்மரக் கட்டையைப் பதித்துப் பூட்டுவார். ஒட்டி மறைப்பதில்லை, பூட்டு வெளியே தெரியட்டும் என்று விடுவார். விமரிசகர்கள் இதில் ஜென் தத்துவத்தைக் கண்டார்கள். தொடக்கம் அவ்வளவு தத்துவமானது இல்லை. நல்ல பலகை வாங்கக் கையில் காசில்லை, மர அறுவைக்கூடத்தில் தள்ளுபடியாகக் கிடந்த துண்டுகளை வாங்கி வந்தார், அவற்றில் வெடிப்பும் நெளிவும் இருந்தன. அந்த வெடிப்பை ஒளிக்க அவர் ஏன் முயலவில்லை என்பதுதான் சுவையான கேள்வி. கையில் இருப்பதைத் தூக்கிப் போடாமல், அது எதுவாக மாறச் சம்மதிக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் மினிடோகாவுக்கும் முன்னால், கூலியும் அவசரமும் இல்லாமல் கட்டிய புதுச்சேரிக் களத்தில் படிந்தது என்பது என் கணிப்பு. தன் பட்டறை வேலையை அவர் ஒருவகை யோகமாகவே பேசியும் எழுதியும் வந்தார். 1981-ல் வெளியான அவருடைய 'ஒரு மரத்தின் ஆன்மா' நூலில் புதுச்சேரி நாட்களுக்கு இடம் உண்டு.

நியூ ஹோப்பில் அவர் தனக்கென்று கட்டிய கூடத்துக்குக் கூரையாக மெல்லிய கான்கிரீட் ஓடு ஒன்றை அலையலையாக வளைத்துப் போட்டார். கோல்கொண்டின் வளைந்த ஓட்டைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அந்தக் கூடத்தின் பெயரையே தாங்கிய கோனாய்டு நாற்காலி 1960 வாக்கில் வந்தது. கால் இரண்டுதான். இருக்கை முன்பக்கம் அந்தரத்தில் நீண்டு நிற்கும். உட்கார்ந்தால் கவிழும் என்று பயந்தவர்கள் உண்டு. கால்களின் அடியில் நீளவாக்கில் இரு கட்டைகள் இருப்பதால் கவிழாது, கம்பள விரிப்பில் இழுத்துப் போடவும் வசதி.

இனி இந்தியா பக்கம். ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்தது, ஃபோர்டு அறக்கட்டளை துணைநின்றது. நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் மிகவும் மெச்சியது நம் செம்பை. இடுப்பில் வைத்தாலும் தலையில் வைத்தாலும் எப்படி அமர்கிறது, ஊற்றும்போது எப்படி ஓசை செய்கிறது, நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எப்படி நிற்கிறது என்று நுணுகி நுணுகிக் கேள்வி எழுப்பியிருந்தார்கள். அதற்கு இருபது ஆண்டு முன்பே பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்குக் கீல் வார்த்துவிட்ட புதுச்சேரிக்காரர்கள் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்களோ என்னவோ. அந்த அறிக்கையின் பயனாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. சாராபாய் குடும்பத்தின் கௌதமும் கீராவும் அதை நடத்தினார்கள். 1964-ல் அங்கே அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் நகாஷிமா. கால் நூற்றாண்டு கழித்து மறுபடியும் இந்தியத் தேக்கு அவர் கைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் பட்டறையில் இந்தியத் தச்சர்கள் செய்வதற்கென்று நாற்காலி, மேசை, பெஞ்சு என்று ஒரு வரிசையை வடிவமைத்துக் கொடுத்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு பிரம்மாண்டமான வால்நட் மரம் கையில் சிக்கியது. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை செய்து வைக்க வேண்டும் என்று கிளம்பினார். முதல் மேசை 1986-ன் கடைசி நாளில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1990-ல் அவர் காலமானார். பட்டறையை மீரா எடுத்து நடத்தினார். ஆசியாவுக்கான மேசை எங்கே போனது? 1996-ல் ஆரோவிலுக்கு.

இப்போது சென்னை ஷோரூம்களில் 'லைவ் எட்ஜ்' மேசை என்று விளிம்பு சீவாத பலகைகளைப் பார்க்கலாம். வெடிப்பில் நீலநிற எப்பாக்ஸியை ஊற்றி ஆறு ஓடுவதுபோலச் செய்து, அமெரிக்க பாணி என்று விலை சொல்வார்கள். அந்த எப்பாக்ஸி ஆறு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெடிப்பை நிரப்பி மினுக்குவதற்கும் அதை இரண்டு கட்டையால் பூட்டி நிறுத்துவதற்கும் உள்ள தூரம் பெரிது. திருத்தணி தச்சுப்பட்டறை எதிலாவது விளிம்பு சீவாமல் மேசை கேட்டுப் பாருங்கள். "பாதி வேலையில நிறுத்தச் சொல்றீங்களா சார்?" என்பார்கள். விளக்கிச் சொன்னால் செய்துதருவார்கள். கை அவர்களிடம் இருக்கிறது, கேட்கிற ஆள்தான் குறைவு.

கோல்கொண்ட் இன்றும் விடுதியாகவே ஓடுகிறது. அருங்காட்சியகம் ஆக்கவில்லை. சுற்றுலாக் கூட்டத்தை உள்ளே விடுவதில்லை, ஆசிரமத்தில் முன் அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே பேச்சைக் குறைக்கச் சொல்வார்கள். போகிறவர்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாமல் பித்தளைப் பிடியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் ஆரோவிலின் யூனிட்டி பெவிலியனில் உள்ள அமைதிக் கூடத்துக்குப் போகலாம். மேசை அங்கே இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிக் கட்டைகள் எங்கெங்கே பதிந்திருக்கின்றன என்று குனிந்து பார்க்க வேண்டும், மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பலகை.